கைதிக் கப்பலில் ஆஸ்திரேலியா சென்ற ஒருவரை ஆவணங்களில் தேடும் முறை

1788 முதல் 1868 வரை பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் ஏறத்தாழ 1,62,000 கைதிகள் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் ஒருவரைத் தேடப் புகுவோர் பெரும்பாலும் பெயரைப் பிடித்துக்கொண்டு புறப்பட்டு, ஒரே பெயருடைய பலருக்கு நடுவே திகைத்து நிற்கிறார்கள். பெயர் நம்பத் தகுந்ததும் அன்று. இன்று ஆஸ்திரேலிய 20 டாலர் நோட்டில் இடம்பெற்றுள்ள மேரி ரீபி, சிறுமியாக இருந்தபோது ஆண் வேடத்தில், ஜேம்ஸ் பர்ரோ என்ற பெயரில் குதிரைத் திருட்டுக்காகப் பிடிபட்டவர்.

ஆகவே கப்பலையும் அது கரைசேர்ந்த ஆண்டையும் முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். நியூ சவுத் வேல்ஸுக்குக் கைதிகளை அனுப்புவது 1840இலும், இன்றைய டாஸ்மேனியாவான வான் டீமன்ஸ் லேண்டுக்கு அனுப்புவது 1853இலும் நின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவுக்கு 1850 முதல் 1868 வரை கப்பல்கள் வந்தன. எந்த ஆவணக் காப்பகத்தில் தேடுவது என்பது இதைப் பொறுத்தது. ‘சர்ரி’ போன்ற கப்பல்கள் பலமுறை கைதிகளை ஏற்றி வந்ததால், கப்பலின் பெயரை ஆண்டு சேர்க்காமல் குறித்துவைப்பதில் பயனில்லை.

அடுத்துப் பார்க்க வேண்டியது, கரையிறங்கியவர்களைப் பதிவுசெய்த ‘இன்டென்ட்’ எனப்படும் கைதிப் பட்டியல். தொடக்ககாலப் பட்டியல்களில் பெயர், வழக்கு நடந்த இடம், நாள், தண்டனைக்காலம் என்பவற்றுக்கு மேல் அதிகம் இராது; பிற்காலத்தவற்றிலோ சொந்த ஊர், தொழில், உயரம், கண்ணின் நிறம், தழும்பு, கையில் குத்திய பச்சை வரை எழுதியிருப்பார்கள். வழக்கு நடந்த இடமும் நாளும் கிடைத்துவிட்டால் அங்கிருந்து பின்னோக்கிச் செல்லலாம். லண்டன் வழக்காயின் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தின் 1674 முதல் 1913 வரையிலான நடவடிக்கைகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிற மாவட்டத்தாருக்கு அந்தந்த வட்டார நீதிமன்றப் பதிவுகளைத்தான் நாட வேண்டும். அயர்லாந்துக்காரராயின் 1836க்கு முந்தைய நாடுகடத்தல் பதிவேடுகளை டப்ளினில் தேட வேண்டாம். அவை 1922ஆம் ஆண்டின் தீயில் அழிந்துவிட்டன. மன்னிப்புக் கோரிய மனுக்கள் சில எஞ்சியுள்ளன.

பயணத்தைப் பற்றி அறிய, லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கும் கப்பல் மருத்துவர்களின் நாட்குறிப்புகளைப் பாருங்கள். 1790இல் வந்த இரண்டாம் கப்பல் தொகுதியில் கைதிகளில் கால்வாசிப் பேர் வழியிலேயே மாண்டனர். உயிரோடு கரைசேர்ப்பதற்கு அன்றி, ஏற்றிய தலைக்கு இவ்வளவு என்றே ஒப்பந்தக்காரர்களுக்குக் கூலி பேசப்பட்டிருந்தது. 1814இல் ‘சர்ரி’யில் டைபஸ் காய்ச்சல் பரவிய பின், தாமே கைதியாக வந்தவரான மருத்துவர் வில்லியம் ரெட்ஃபெர்ன் அளித்த அறிக்கையின் விளைவாக மேற்பார்வை மருத்துவர்கள் அமர்த்தப்பட்டனர். ஆகவே நாட்குறிப்புகளை 1815க்குப் பிந்தைய பயணங்களுக்கே பெரிதும் எதிர்பார்க்கலாம். நீங்கள் தேடுபவர் நோயுறாதிருந்தால் அவர் பெயர் அதில் இராது. ஆயினும் அவர் கண்ட வானிலையும் உடன் வந்தோரின் நோய்களும் இருக்கும்.

கடைசியாக, தண்டனைக்காலம் முடியுமுன் சொந்தமாகப் பிழைக்க அனுமதித்த ‘டிக்கெட் ஆஃப் லீவ்’ சீட்டின் அடிக்கட்டையைத் தேடிப் பாருங்கள். அதிலுள்ள உயரமும் அடையாளங்களும் இன்டென்டில் உள்ளவற்றோடு ஒத்துப்போனால் மட்டுமே இருவரும் ஒருவரே என்று எழுதிக்கொள்ளுங்கள்.