ஹோமில் இருக்கும் கைக்குழந்தையை ஒரே ஆளாகப் பார்த்துக்கொள்வது எப்படி

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நடால் மாகாணத்தில் சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கத்துக் குழந்தைகள் ஹோம்களுக்கு நம்மவர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது நாப்பி, பால்மாவு, பிறந்தநாள் சாப்பாடு. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தொட்டிலில் கிடக்கும் கைக்குழந்தைக்குக் கிடைக்காமல் போவது வேறொன்று. காலையில் பால் கொடுத்த கை ஒன்று, குளிப்பாட்டிய கை ஒன்று, இரவில் தட்டிக்கொடுத்த கை இன்னொன்று. ஷிஃப்ட் மாறினால் மூன்றும் மாறிவிடும். அங்கே வேலை செய்பவர்களுக்குப் பாசம் குறைவில்லை. ஆறு குழந்தை ஒரே நேரத்தில் அழும்போது ஒன்றின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு யாராலும் உட்கார முடியாது.

வெளியிலிருந்து வருகிறவர் செய்ய வேண்டியது அந்த வேலைதான். பத்துக் குழந்தையைக் கொஞ்சுவதைவிட ஒரே குழந்தையிடம், குறித்த நாளில், குறித்த நேரத்தில், அதே ஆள் வருவது மேல். வாரம் மூன்று நாள், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், குறைந்தது ஆறு மாதம். இது முடியாது என்றால் சமையலறையிலோ துணி துவைப்பதிலோ கைகொடுங்கள். அதனால் ஊழியர்களுக்குக் குழந்தையோடு இருக்க நேரம் கிடைக்கும். ஒரு மாதம் வந்து கொஞ்சிவிட்டுக் காணாமல் போகிறவர் குழந்தைக்குப் பிரிவைத்தான் பழக்குகிறார்.

ருமேனியாவின் புக்கரெஸ்டில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், ஹோம்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். இரண்டு வயதுக்குள் போன குழந்தைகளிடம் ஒட்டுதல் நன்றாக வளர்ந்தது. மூளை அலைகளிலும் வேறுபாடு தெரிந்தது. ஆக, எவ்வளவு நல்ல ஹோமும் குடும்பத்துக்கு ஈடாகாது. நம் வேலை, குடும்பம் அமையும்வரை ஒருவரிடம் ஒட்டும் பழக்கம் அந்தக் குழந்தையிடம் மங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது. பிரியும்போது தாங்காதே என்று பயந்து யாரிடமும் ஒட்டவிடாமல் வளர்ப்பவர்கள் உண்டு. அது தவறு. ஒருவரிடம் ஒட்டிப் பழகிய குழந்தைதான் அடுத்தவரிடமும் ஒட்டும்.

உள்ளே போகும் முன்

தென்னாப்பிரிக்காவின் 2005-ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டப்படி, குழந்தைகளோடு இருக்கத் தகுதியற்றவர்களின் பெயர்கள் தேசியப் பதிவேட்டின் 'பி' பகுதியில் இருக்கும். உங்கள் பெயர் அதில் இல்லை என்று படிவம் 30 மூலம் சரிபார்ப்பார்கள். போலீஸ் சான்றிதழும் கேட்பார்கள். இவை எதையும் கேட்காமல் உள்ளே விடும் ஹோமைப் பார்த்துத்தான் நீங்கள் யோசிக்க வேண்டும். காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குவாசுலு-நடாலில் இதைத் தள்ளிப்போடக் கூடாது. சளி, இருமல் இருக்கும் நாளில் போகாதீர்கள், ஆனால் வரமாட்டீர்கள் என்று போன் செய்து சொல்லிவிடுங்கள். உதட்டோரம் கொப்புளம் இருந்தால் முத்தம் கூடாது. பச்சிளம் குழந்தைக்கு அந்தக் கிருமி உயிருக்கே ஆபத்து.

வளையல், மோதிரம், தொங்கட்டானைக் கழற்றிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். சென்ட் வேண்டாம், சோப்பையும் மாற்றாதீர்கள். குழந்தை முகத்தைவிட மணத்தால்தான் உங்களை முதலில் அடையாளம் காணும். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. குழந்தைகள் நீதிமன்ற வழக்கில் உள்ள குழந்தையை அடையாளம் காட்டுவது சட்டப்படி குற்றம்.

எச்.ஐ.வி. உள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைகளும் அங்கே இருப்பார்கள். யார் என்று கேட்காதீர்கள், சொல்லவும் மாட்டார்கள். தூக்குவதாலும் குளிப்பாட்டுவதாலும் கட்டிக்கொள்வதாலும் அது பரவாது. ரத்தம் பட வாய்ப்புள்ள இடத்தில் எல்லாக் குழந்தைக்குமே கையுறை போட்டுக்கொள்ளுங்கள். உணவை நீங்கள் மென்று ஊட்டும் பழக்கம் அறவே வேண்டாம்.

முதல் வாரம்

போனதும் அள்ளித் தூக்காதீர்கள். ஊழியர் நாப்பி மாற்றும்போது பக்கத்தில் நின்று, அவர் அந்தக் குழந்தையை எப்படிக் கூப்பிடுகிறார், எந்தப் பக்கம் சாய்த்தால் அழுகை அடங்குகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அவர்கள் சூலு பேசுகிறவர்கள்; மூத்தவரை 'மா' என்றே அழையுங்கள். குழந்தைக்குச் சூலுப் பெயர் இருந்தால் அதன் உச்சரிப்பை அவரிடமே கற்றுக்கொள்ளுங்கள். செல்லப்பெயர் வைத்து மாற்றாதீர்கள். தமிழில் பேசலாம், ஆராரோ பாடலாம், உங்கள் நாவில் எது இயல்பாக வருகிறதோ அதுவே நல்லது. கூடவே 'துலா' (அழாதே, அமைதி), 'லாலா' (தூங்கு) போன்று அது தினமும் கேட்கும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழெட்டு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தை உங்களைப் பார்த்து அழுதால் மனம் வருந்தாதீர்கள். தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கிறது, அது நல்ல அறிகுறி. கவலைப்பட வேண்டியது வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் கைநீட்டித் தாவும் குழந்தையைப் பற்றித்தான்.

பால் கொடுக்கும் நேரம்

ஒட்டுதல் வளர்வது விளையாட்டில் அல்ல, பால், நாப்பி, குளியல், தூக்கம் இவற்றில்தான். எனவே பொம்மை நேரத்தைக் கேட்காமல் இந்த வேலைகள் வரும் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள்.

கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே போவதற்குள் மாவைக் கலக்க வேண்டும். கொதித்து அரை மணிக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாவிலேயே இருக்கக்கூடிய கிருமி அந்தச் சூட்டில்தான் சாகும். பிறகு ஆறவைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். மின்வெட்டு நாளில் கொதித்த தண்ணீரை நல்ல ஃபிளாஸ்க்கில் ஊற்றி வையுங்கள். ஒரு கரண்டிக்கு எத்தனை மில்லி என்பது டின்னுக்கு டின் மாறும். அந்த டின்னின் கரண்டியையே பயன்படுத்துங்கள். மாவு தீரும் சமயத்தில் தண்ணீரைக் கூட்டுவது குழந்தையைப் பட்டினி போடுவதுதான். ஆறு மாதம்வரை ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லி. 5 கிலோ குழந்தைக்கு 750 மில்லி, ஆறு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 125. மிச்சம் வைத்த பாலை ஒரு மணி நேரத்துக்குள் கொட்டிவிடுங்கள்.

தலை உயர்ந்திருக்கும்படி மடியில் சாய்த்து, முகம் உங்கள் முகத்திலிருந்து 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் இருக்கும்படி வையுங்கள். பிறந்த குழந்தைக்குத் தெளிவாகத் தெரியும் தூரம் அவ்வளவுதான். புட்டியை ஏறக்குறையப் படுக்கை மட்டத்தில் பிடியுங்கள், காம்பில் மட்டும் பால் நிறைந்திருந்தால் போதும். நாலைந்து மிடறுக்கு ஒருமுறை புட்டியைத் தாழ்த்தி, குழந்தை மீண்டும் வாயைத் திறக்கும்வரை காத்திருங்கள். பாதியில் கையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரே பக்கமாகவே திரும்பிக் கிடந்து தட்டையாகிப்போன தலையை ஹோம்களில் நிறையப் பார்க்கலாம். ஒரு வேளைக்கு இருபது நிமிடம் ஆகட்டும்.

அவசரத்தில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, புட்டியைத் துணியில் சாய்த்துவைத்துவிட்டுப் போவது. பால் மூச்சுக்குழாயில் ஏறும், காதில் சீழ் வரும். இன்னொன்று, சீக்கிரம் குடிக்கட்டும் என்று காம்பின் துளையைப் பெரிதாக்குவது. குழந்தை திணறி, பாலைக் கண்டாலே முகத்தைத் திருப்பத் தொடங்கும்.

குழந்தை சொல்வதைப் படிப்பது

இதைக் கற்காதவரின் அன்பு குழந்தைக்குத் தொந்தரவாகிவிடும். நீங்கள் பேசும்போது அது கண்ணைத் திருப்பினால், 'போதும், கொஞ்சம் பொறு' என்கிறது. வாயை மூடி, அசையாமல் இருங்கள். சில நொடியிலோ ஒரு நிமிடத்திலோ தானாகத் திரும்பிப் பார்க்கும். அப்போது மெல்லப் பேசுங்கள். அது எழுப்பிய ஒலியை நீங்களும் திருப்பி எழுப்புங்கள், பிறகு அதன் முறைக்குக் காத்திருங்கள். கண்ணைத் திருப்பியதைக் கவனிக்காமல் கிலுகிலுப்பையை ஆட்டினால் அடுத்து விக்கல், கொட்டாவி, விரித்த விரல்கள், வளைந்த முதுகு, கடைசியில் அழுகை.

குடியால் கருவிலேயே பாதிக்கப்பட்ட குழந்தைகள் இந்த நாட்டில் மிக அதிகம். அவர்களுக்கு ஒரே நேரத்தில் ஒன்றுதான்: பேசினால் ஆட்டாதீர்கள், ஆட்டினால் பேசாதீர்கள். விளக்கைக் குறைத்து, துணியில் சுற்றி, மார்போடு சேர்த்துப் பிடியுங்கள்.

'சமத்து, அழவே அழாது' என்று யாராவது ஒரு குழந்தையைக் காட்டினால் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அழுதும் யாரும் வராமல் போனதால் அழுவதை விட்ட குழந்தையாக இருக்கலாம். தன் கையையே பார்த்துக்கொண்டிருப்பதும் உடலை முன்னும் பின்னும் ஆட்டுவதும் இதோடு சேரும். சிணுங்கியவுடன் போங்கள், ஒவ்வொரு தடவையும். சில வாரத்தில் அழுகை கூடும். கெட்டுப்போனது என்று ஊழியர்கள் சொன்னால் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்: கூப்பிட்டால் ஆள் வரும் என்று அது நம்பத் தொடங்கியிருக்கிறது.

நாப்பி, எண்ணெய், தூக்கிக் கட்டுவது

1946-இல் குழந்தை மருத்துவர் எமி பிக்லர் ஹங்கேரியின் புடாபெஸ்டில் நடத்தத் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், எந்த வேலையையும் சொல்லிவிட்டே குழந்தையைத் தொடுவார்கள். 'காலைத் தூக்கப்போகிறேன்' என்று சொல்லி, கையைக் காட்டி, மூன்று நொடி நில்லுங்கள். சில வாரத்தில் குழந்தையே காலைத் தளர்த்தும். வேலை அதனால் தாமதமாவதில்லை. முரண்டு பிடிக்காததால் சீக்கிரமே முடிகிறது.

ஹோம் அனுமதித்தால், குளியலுக்கு முன் பத்து நிமிடம் எண்ணெய் தடவலாம். பால் குடித்தவுடன் வேண்டாம். சூரியகாந்தி எண்ணெயோ தேங்காய் எண்ணெயோ போதும், கடுகெண்ணெய் தோலை அரிக்கும். நம் பாட்டிகள் செய்த எல்லாவற்றையும் அங்கே செய்யக் கூடாது. காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவது, சாம்பிராணிப் புகை, வசம்பு, ஒரு வயதுக்குள் தேன், ஈயம் கலந்திருக்கக்கூடிய கண்மை எதுவும் வேண்டாம்.

சூலுப் பெண்கள் துண்டால் முதுகில் கட்டித் தூக்குவது அருமையான முறை, ஊழியரிடமே கற்றுக்கொள்ளுங்கள். கழுத்து நன்றாக நின்ற பிறகே முதுகில். அதுவரை மார்பில், முகம் வெளியே தெரிய, மோவாய்க்கும் நெஞ்சுக்கும் இடையே இரண்டு விரல் போகும்படி. தூங்கவைக்கும்போது மல்லாக்க, தலையணை இல்லாமல்.

பிரிவு

ஒவ்வொரு நாளும் சொல்லாமல் நழுவாதீர்கள். ஒரே வார்த்தை, ஒரே முத்தம், பிறகு ஊழியரின் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். அழுதால் அழட்டும், கை மாறி ஆறுதல் கிடைக்கும்.

ஒரு நோட்டு வையுங்கள்: எந்தத் தேதியில் முதலில் சிரித்தது, எந்தப் பாட்டுக்குத் தூங்குகிறது, எப்படிப் பிடித்தால் பிடிக்காது. வளர்ப்புக் குடும்பமோ தத்தெடுப்பவர்களோ அமைந்ததும், சமூகப் பணியாளர் வழியாக அந்த நோட்டும், நீங்கள் மடியில் விரித்த, துவைக்காத பருத்தித் துணியும் குழந்தையோடு போகட்டும். முடிந்தால் புதிய பெற்றோர் பால் கொடுக்கும்போது சில நாள் பக்கத்தில் இருங்கள். முதல் நாள் நீங்கள் கொடுத்து அவர்கள் பார்க்க, அடுத்து அவர்கள் கொடுத்து நீங்கள் பார்க்க, பிறகு நீங்கள் அறைக்கு வெளியே. அவர்கள் அழைத்தாலொழிய அதன்பின் போய்ப் பார்க்காதீர்கள். அடுத்த குழந்தையை அன்றே கையில் வாங்காமல் இரண்டு வாரமாவது விட்டு, எந்தக் குழந்தை என்பதை ஊழியர்களோடு பேசி முடிவு செய்யுங்கள்.