சிப்பி மாலை வாங்கும்போது பெட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள்

ஊருக்குப் போனால் ராமேஸ்வரம், கன்னியாகுமரி, மாமல்லபுரம் இவற்றில் ஒன்றுக்காவது போகாமல் திரும்புவதில்லை, அங்கே சோழி மாலையும் சிப்பிக் கம்மலும் தொங்கும் கடையைப் பார்த்தால் பிள்ளைகள் நகரமாட்டார்கள். தாராளமாக வாங்குங்கள், கனமில்லாத பொருள், பரிசாகக் கொடுக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் கடையில் வெளிப்படையாக விற்கிறார்களே என்பதற்காக எல்லாமே விமானம் ஏறிவிடாது. போன முறை என் அண்ணன் மகள் வாங்கிய மாலையின் நடுவில் வெள்ளையாக ஒரு பவளப்பாறைத் துண்டு இருந்தது, எங்களில் யாரும் கவனிக்கவில்லை, இறங்கிய இடத்தில் சுங்க அதிகாரி கவனித்தார். மாலையும் போனது, ஒன்றரை மணி நேரமும் போனது.

அதனால் முதலில் வேண்டாதவை. சின்னச் சின்னத் துளைகளும் நட்சத்திரக் குறிகளும் தெரியும் வெள்ளைத் துண்டு என்றால் பவளப்பாறை, கம்மலில் இருந்தாலும் விட்டுவிடுங்கள். 2001-ல் பவளப்பாறைகளையும் சில சங்கு, சிப்பி வகைகளையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். (மோதிரத்தில் வைக்கும் சிவப்புப் பவளம் வேறு இனம், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) குறுக்கே அறுத்து, உள்ளே சுருள் சுருளாக அறைகள் தெரியும் பதக்கம் பெரும்பாலும் நாட்டிலஸ் என்ற கடல் உயிரின் ஓடு, அழகுதான், ஆனாலும் வேண்டாம். விரல் நீட்டியது போன்ற ஐவிரல் சங்கு, விசிறி மடிப்பாகக் கனத்த ராட்சதச் சிப்பி, ஆமை ஓட்டில் செய்த சீப்பு, வளையல் எல்லாம் இதே கணக்குதான். "இதெல்லாம் எல்லாரும் கொண்டுபோறாங்க சார்" என்பார் கடைக்காரர். விமான நிலையத்தில் அவர் கூட வரமாட்டார்.

எதை வாங்கலாம்? சாதாரணச் சோழி, முத்துச்சிப்பியின் மினுமினுப்பான உள்பக்கத்தை வெட்டிச் செய்த கம்மல், பால்சங்கை அறுத்த வளையல். இந்தச் சங்கு வளையலுக்குப் பெரிய கதை உண்டு. அகநானூற்றின் 24-ஆம் பாட்டிலேயே வாளரத்தால் சங்கை அறுத்து வளையல் செய்பவர் வருகிறார். இன்று மன்னார் வளைகுடாவில் எடுக்கும் சங்கில் நிறைய வங்காளத்துக்குப் போகிறது, அங்கே கல்யாணமான பெண்கள் அதை அணிவார்கள். ஆகவே ராமேஸ்வரத்தில் விற்பதெல்லாம் அங்கேயே செய்தது என்று நம்பிவிடாதீர்கள், எங்கே அறுத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

வலம்புரிச் சங்கு என்று சொன்னால் இரண்டு மடங்கு கவனம். உண்மையான வலம்புரி மிக அரிது, பலர் விற்பது அமெரிக்கக் கடலின் வேறொரு நத்தைச் சங்கு. சங்கின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், நம் சங்கில் நடுத் தண்டைச் சுற்றி மூன்று நான்கு வரம்புகள் தட்டுப்படும், போலியில் இருக்காது.

கடல் கண்ணாடி நகைகளும் இப்போது பார்க்கக் கிடைக்கின்றன. உடைந்த பாட்டில் துண்டு பல வருடம் அலையிலும் மணலிலும் புரண்டு மங்கிப்போனதுதான் அது, உயிரினம் இல்லை, எனவே அந்தத் தடை எதுவும் இதற்குக் கிடையாது. ஆனால் அமிலத்தில் முக்கி மங்கலாக்கிய புதுக் கண்ணாடியும் உண்டு. எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே மங்கல் என்றால் சந்தேகப்படுங்கள். அசலில் வெளிச்சத்தில் பார்த்தால் பிறை போலச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். பசையில் ஒட்டியதைவிடக் கம்பி சுற்றியதே நல்லது, வெயிலில் பசை விட்டுவிடும்.

நீங்களே பொறுக்கலாமா? பொதுக் கடற்கரையில் கண்ணாடித் துண்டு எடுப்பதை யாரும் கேட்கமாட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா, படகில் போய் அங்கிருந்து ஒரு சிப்பிகூட எடுக்காதீர்கள்.

பில் வாங்குங்கள், அதில் என்ன பொருள் என்று எழுதச் சொல்லுங்கள். உள்ளே சதையோ மணலோ இல்லாமல் கழுவி உலர்த்திவிட்டு, அப்புறம் பெட்டியில் வையுங்கள். சிட்னி, ஆக்லாந்து போகிறவர்கள் இறங்கும் அட்டையில் சிப்பிப் பொருள் இருக்கிறது என்று குறித்துவிடுங்கள், காட்டினால் பெரும்பாலும் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள், மறைத்தால் அபராதம்.