நாக்கைப் பார்த்து வாங்கியைத் தேடாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் உயர்தர உயிரியல் படிக்கிற பிள்ளைகளின் கொப்பிகளில் அந்தப் பிழையான நாக்குப் படத்தை இன்னும் காண்கிறேன். நாக்கு நுனியில் இனிப்பு, அடியில் கைப்பு, கரையோரம் புளிப்பு. 1901இல் ஹேனிக் என்ற ஜேர்மானியர் நாக்கில் இடத்துக்கிடம் உணர்திறன் கொஞ்சம் மாறுவதாக அளந்தார். 1942இல் போரிங் என்ற அமெரிக்க உளவியலாளர் அதை வரைபாக்கியதும் அந்தக் ‘கொஞ்சம்’ காணாமல் போய்விட்டது. நம்பாவிட்டால் ஒரு பாவற்காய்த் துண்டை நாக்கு நுனியில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது உறைப்பு. அறுசுவையில் அதற்கு இடம் உண்டு, சமையலுக்கு அது சரி. பரீட்சைத் தாளில் மட்டும் அதற்கும் ஒரு சுவை வாங்கி (சுவைப் பொருளைப் பிடித்து உணர்த்தும் புரதம்) உண்டு என்று எழுதிவிடாதீர்கள். செத்தல் மிளகாய் இடித்தால் கை எரிகிறது. சீனி அள்ளினால் கை இனிக்கிறதா? மிளகாயின் கப்சைசினைப் பிடிப்பது சூட்டையும் நோவையும் உணர்த்தும் டிஆர்பிவி1 என்ற அயன் கால்வாய், அதாவது கல மென்சவ்வில் மின்னேற்றத் துணிக்கைகளை விடும் வாசல். 1997இல் அதை இனங்கண்ட டேவிட் ஜூலியஸ் 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, நாக்குக்கு ஒரு பெட்டி, மூக்குக்கு ஒரு பெட்டி என்று புரதங்களைப் பிரிப்பது. இனிப்பை உணர டி1ஆர்2, டி1ஆர்3 என்ற புரதங்கள் இரண்டும் சோடியாகச் சேரவேண்டும். 2ஐ விட்டு 1 வந்து சேர்ந்தால் அது உமாமி (இறைச்சிச் சாற்றுச் சுவை) வாங்கி. கலத்துக்கு வெளியே பொறிபோல் மூடும் ஒரு பெரிய பகுதி இவற்றுக்கு உண்டு. அதே அமைப்பை சில விலங்குகளின் மூக்கின் அடியிலுள்ள ஜேக்கப்சன் உறுப்பில், வி2ஆர் என்ற பெரமோன் (ஒரே இனத்துக்குள் சேதி சொல்லும் இரசாயனம்) வாங்கிகளிலும் காணலாம்: ஒரே குடும்பம், வேறு வீடு. மனிதரில் ஏறக்குறைய 25 வகை கைப்பு வாங்கிகள் உண்டு. அவற்றின் வெளிப்பகுதி மிகச் சிறியது. சாயல் இன்னொரு வகைப் பெரமோன் வாங்கியான வி1ஆர் பக்கம். சுவாசக் குழாயிலும் கைப்பு வாங்கிகள் இருக்கின்றன என்றால் சிலர் என்னோடு சண்டைக்கே வருகிறார்கள்.

எல்லா முலையூட்டிக்கும் ஒரே நாக்கு என்றும் எழுதவேண்டாம். பூனையின் டி1ஆர்2 பரம்பரையலகில் 247 காரச்சோடிகள் (டிஎன்ஏ எழுத்துச் சோடிகள்) விடுபட்டுப் போனதால் அது வேலை செய்வதில்லை. உங்கள் பூனை ஐஸ்கிறீமை நக்கினால் அது இனிப்புக்காக அல்ல.

அப்புறம் ஆட்டுக்கொட்டில். கிடாய் மறியின் மூத்திரத்தை மோந்துவிட்டு, கழுத்தை நீட்டி, மேலுதட்டை மடித்து, முன்பல் இல்லாத மேல் ஈறு தெரிய அப்படியே நிற்கும். ‘சிரிக்குது’ என்போம். அண்ணத்திலுள்ள சிறு துளை வழியே அது பெரமோனை ஜேக்கப்சன் உறுப்புக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறது.

இதை வைத்துத்தான் மனிதரையும் ஈர்க்கும் என்று ‘பெரமோன் சென்ட்’ விற்கிறார்கள். அந்த உறுப்பிலிருந்து சைகையை அனுப்பத் தேவையான டிஆர்பிசி2 பரம்பரையலகு மனிதரில் பழுதுபட்டது. வேலை செய்கிற வி2ஆர் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. கிடாய்க்கு வேண்டுமானால் பூசிப் பார்க்கலாம்.