முன்குறித்தலும் நம் விருப்பமும்: எப்படிச் சேர்த்து வாசிப்பது

வீட்டு ஜெபக்கூட்டத்தில் யாராவது "எல்லாம் முன்குறிக்கப்பட்டது, அதாவது தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்றால் நான் எதற்கு ஜெபிக்கணும்?" என்று கேட்டால், தேவன் தம் விருப்பப்படி தெரிந்துகொள்வதைப் பற்றிப் பேசும் ரோமர் 9-ஐ உடனே திறக்காதீர்கள், சண்டைதான் வரும். முதலில் அப்போஸ்தலர் 27-ஐ முழுசாக வாசியுங்கள். புயலில் சிக்கிய கப்பலில் ஒருவர் உயிரும் போகாது என்று 22-ஆம் வசனத்தில் பவுல் உறுதி சொல்கிறார், ஆனால் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்த்ததும், இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று 31-இல் அதே பவுல்தான் எச்சரிக்கிறார், போர்ச்சேவகர்களும் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். முடிவு உறுதி, அதற்குப் போகும் வழியில் மனிதர் எடுக்கும் தீர்மானமும் அடக்கம். என் பார்வையில் இதைவிடத் தெளிவான இடம் வேதத்தில் இல்லை.

அப்புறம் பிலிப்பியர் 2:12, 13 இரண்டையும் பிரிக்காமல் படியுங்கள்: உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள் என்கிறது 12, விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவர் தேவனே என்கிறது 13.

தேவனின் முன்குறித்தலை அழுத்திச் சொன்ன கால்வின், கிருபையை மனிதர் ஏற்கவோ மறுக்கவோ முடியும் என்ற அர்மீனியஸ், இந்தப் பெயர்களைக் கடைசியில் எடுத்தால் போதும். 1618-19-இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம் என்ற திருச்சபை மாநாடு அர்மீனியஸ் தரப்பை நிராகரித்தும் விவாதம் ஓயவில்லை. ஆனால் நம்ம சென்னையிலேயே, கதீட்ரல் சாலை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில், கால்வின் மரபில் வந்தவர்களும் அர்மீனியஸ் பக்கம் சாய்ந்த வெஸ்லி மரபு மெதடிஸ்டுகளும் 1947-இல் ஒரே சி.எஸ்.ஐ. திருச்சபை ஆனார்கள்.

சரி, பிள்ளை விசுவாசத்தை விட்டுப் போன வேதனையில் ஓர் அம்மா இதைக் கேட்டால் மட்டும் பாடம் எடுக்காதீர்கள், அவரோடு உட்கார்ந்து ஜெபியுங்கள்.