தரவை இழக்காமல் சி டிரைவை விரிவாக்கும் முறை

விண்டோஸ் கணினியில் சி டிரைவை விரிவாக்கும் முன், முக்கியக் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் டிஸ்க் பகுதிகளை நிர்வகிக்கும் விண்டோஸ் கருவியான டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து, சி பகுதியின் மீது வலது சொடுக்கி, ‘எக்ஸ்டெண்ட் வால்யூம்’ என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தத் தெரிவு மங்கலாகத் தெரிந்தால், பெரும்பாலும் சி-க்கு வலப்புறத்தில், அதை ஒட்டியே, ஒதுக்கப்படாத (எந்த டிரைவுக்கும் சேராத) இடம் இல்லை என்று பொருள். பலரும் தடுமாறுவது இங்கேதான்: அடுத்துள்ள டி டிரைவைச் சுருக்கினால் கிடைக்கும் இடம் டி-யின் வலது முனையில் சேருமேயன்றி, சி-யின் அருகே வராது. ஆகவே டி-யிலுள்ள அனைத்தையும் வேறிடத்துக்கு மாற்றி, அந்தப் பகுதியை நீக்கிய பின் சி-யை விரிவாக்குவதே, சற்று நேரம் பிடித்தாலும், எனக்கு நம்பிக்கையான வழி. சி-யில் சேர்க்க விரும்பும் அளவை எம்பி-யில் தர வேண்டும்; 50 ஜிபி என்றால் 51200. எஞ்சிய இடத்தில் டி-யை மீண்டும் உருவாக்கிக்கொள்ளலாம்.