விறாந்தையில் உடற்கல்விப் பாடம்

திருகோணமலையில் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் காலை பத்து மணிக்குமேல் முற்றத்துச் சீமெந்தில் வெறுங்கால் வைக்க முடியாது. பிள்ளைகள் வீட்டிலிருந்தே செய்யும் தொலைவழி உடற்கல்விப் பாடத்தைக் காலை 6.30க்கோ மாலை 5 மணிக்கோ வையுங்கள். மாரி தொடங்கினால் விறாந்தைதான் மைதானம்.

2 மீற்றருக்கு 2 மீற்றர் இடம் போதும். பிள்ளை கைகளை விரித்து ஒருமுறை சுற்றட்டும். சுவரிலோ கதிரையிலோ விரல் படாவிட்டால் இடம் சரி. டைல்ஸ் தரையில் சொக்ஸோடு விடாதீர்கள், வழுக்கும். வெறுங்கால் நல்லது. குதிக்கும் நாளில் மட்டும் சப்பாத்து.

சூமில் எல்லாரையும் ஒரே தாளத்துக்குக் கைதட்ட வைக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். சத்தம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு நேரத்தில் போய்ச் சேரும். நன்றாகச் செய்யும் பிள்ளைகூடப் பிந்துவதுபோலத் தெரியும். எண்ணுவது பிள்ளையின் வேலை. திரையில் 2 நிமிடம் செய்து காட்டுங்கள். மிச்சத்தை வட்சப் குரல் பதிவாக அனுப்புங்கள்: 30 விநாடி கட்டளை, 30 விநாடி ஓய்வு. டேட்டாவும் மிச்சம், பிள்ளை திரையை வெறித்துக்கொண்டு நிற்கவும் மாட்டாது. முகம்பார்த்துக் காட்டும்போது வாயால் "வலது" என்று சொல்லி உங்கள் இடது கையைத் தூக்குங்கள். சின்னப் பிள்ளைகள் சொல்லை விட்டுவிட்டுக் கண்டதைத்தான் செய்வார்கள்.

கோடுகளில் நிற்பவர்கள் மற்றவர்களை மறிக்கும் குழு விளையாட்டான கிளித்தட்டைத் தனியே விளையாட முடியாது. ஆனால் மறிக்கிறவரின் ஓட்டத்தைப் பழகலாம். சோக்கால் 2 மீற்றர் கோடு கீறுங்கள். பிள்ளை கோட்டின்மேல் முன்னே பார்த்து நின்று, முழங்காலைச் சற்று மடித்து, "இடம்", "வலம்" என்ற குரலுக்குப் பக்கவாட்டில் நகர வேண்டும். கட்டளைகளை மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். ஒரே ஒழுங்கில் சொன்னால் கேளாமலே ஓடுவார்கள். கால்கள் பின்னினால் விழுவார்கள். பாதங்கள் தோளகலத்தைவிட நெருங்கக் கூடாது என்று முதலே சொல்லிவையுங்கள். 6 தடவை போதும்.

கயிறடிக்கக் கயிற்றின் நடுவை ஒரு காலால் மிதித்து நிமிர்த்தினால் நுனிகள் அக்குள்வரை வர வேண்டும். கயிறு நீண்டால் காலில் சிக்கும், குறைந்தால் பிள்ளை குனியும். தும்புக்கயிற்றில் பாரம் இல்லாததால் சரியாக வளைந்து சுழலாது. நைலோன் கயிறு நல்லது. முழுக்கையையும் சுழற்றினால் 20 அடிக்குள் களைத்துவிடுவார்கள். முழங்கை விலாவோடு, சுழற்சி மணிக்கட்டில். குதிப்பு கயிறு போகுமளவுக்கு மட்டும். மணலில் கயிறடிக்க விடவேண்டாம், கால் புதையும்.

எறிவதற்கு இரண்டு பழைய சொக்ஸைச் சுருட்டிய பந்து, இலக்குக்கு மூன்றிலொரு பங்கு தண்ணீர் ஊற்றிய போத்தல். வெறும் போத்தல் காற்றுக்கே சாய்ந்துவிடும், புள்ளி கணக்காகாது. 2 மீற்றரிலிருந்து 10 எறி. 8 பட்டால் ஓரடி பின்னே.

பேசக்கூடிய அளவுக்கு மூச்சு வாங்கினால் சரி. தலைச்சுற்றோ குமட்டலோ வந்தால் உடனே நிறுத்தி, நிழலில் இருத்தித் தண்ணீர் கொடுங்கள். 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடமாவது மிதமான அல்லது கடுமையான உடலசைவு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 25 நிமிடப் பாடம் அதில் பாதிகூட இல்லை. கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் கடைக்குச் சைக்கிளில் போய்வருவதும் மீதியில் சேரும்.

மதிப்பிட 15 விநாடிக் காணொளி ஒன்று கேளுங்கள், பக்கவாட்டிலிருந்து எடுத்தது. முன்னாலிருந்து எடுத்தால் முழங்கால் மடிப்புத் தெரியாது. குழுவில் போடாமல் உங்களுக்குத் தனியே அனுப்பச் சொல்லுங்கள். சரியாக வராத பிள்ளை அடுத்த முறை போனை அணைத்துவிடாது.