விலங்குப் பண்ணையைப் பட்டியல் இல்லாமல் படிப்பது எப்படி

ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘விலங்குப் பண்ணை’ நாவலைக் கையில் எடுத்ததுமே நெப்போலியன் என்ற பன்றி என்றால் சோவியத் தலைவர் ஸ்டாலின், ஸ்னோபால் என்ற பன்றி என்றால் அவருடைய போட்டியாளர் ட்ராட்ஸ்கி என்று பட்டியல் போட ஆரம்பித்துவிடுகிறோம். பட்டியல் சரிதான். ஆனால் அதிலிருந்து தொடங்கினால் கதை குறுக்கெழுத்துப் புதிராகிவிடும், கட்டங்கள் நிரம்பியதும் மூடி வைத்துவிடுவோம். முதல் தடவை பன்றியைப் பன்றியாகவே படியுங்கள்.

இரண்டாம் தடவை பென்சிலோடு உட்காருங்கள். முதலில் பாலைத் தேடுங்கள். பண்ணை முதலாளி ஜோன்ஸை விலங்குகள் விரட்டியதற்கு மறுநாள் ஐந்து வாளி பால் கறக்கிறார்கள், எல்லோரும் புல் அறுக்கப் போய்விட்டு மாலையில் திரும்பினால் பாலைக் காணோம், அத்தோடு அத்தியாயம் முடிந்துவிடுகிறது. அப்புறம் ஆப்பிளும் பன்றிகளுக்கே போகிறது. எங்களுக்கு இதெல்லாம் பிடிக்கவே பிடிக்காது, உங்களுக்காகத்தான் சாப்பிடுகிறோம், இல்லையென்றால் ஜோன்ஸ் திரும்பி வந்துவிடுவான் என்று ஸ்க்வீலர் என்ற பன்றி விளக்கம் சொல்கிறது. கதையின் திருப்பமே இந்த இடம்தான் என்று ஆர்வெல் 1946-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். இங்கே ஒரு வரியைத் தவறவிடாதீர்கள்: ஸ்னோபாலும் இதற்குச் சம்மதிக்கிறது. பிறகு நெப்போலியன் ஸ்னோபாலை விரட்டாமல் இருந்திருந்தால் எல்லாம் நன்றாக நடந்திருக்கும் என்று நினைப்பவர்கள் இந்தப் பக்கத்தை மறுபடி படிக்க வேண்டும்.

அடுத்து, பண்ணையின் புதுச் சட்டமாகச் சுவரில் எழுதிய ஏழு கட்டளைகளையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மாறும்போதெல்லாம் வேறு மையில் சேருங்கள். படுக்கையில் தூங்கக்கூடாது என்பதோடு ‘விரிப்புப் போட்டு’ சேர்கிறது, கொல்லக்கூடாது என்பதோடு ‘காரணமின்றி’ சேர்கிறது, குடிக்கக்கூடாது என்பதோடு ‘அளவுக்கு மீறி’ சேர்கிறது. இந்த மூன்றிலும் பழைய சொற்களை அழிக்கவே இல்லை, ஒன்றிரண்டு சொல்லைக் கூட்டினாலே போதுமாக இருக்கிறது. நம் ஞாபகம்தான் தப்போ என்று க்ளோவர் என்ற பெண்குதிரை குழம்புவது அதனால்தான்.

இதைப் படிக்கும்போது யாருக்கு எழுத்து தெரியும் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். பெஞ்சமின் என்ற கழுதை எந்தப் பன்றிக்கும் சளைக்காமல் படிக்கும். ஆனால் படிக்க மாட்டேன் என்று ஒதுங்கியே இருக்கும். அது முதல் தடவையாக வாய்திறந்து உரக்கப் படித்துக்காட்டுவது, உழைத்து உழைத்தே ஓய்ந்த பாக்ஸர் என்ற குதிரையைக் கசாப்புக்கு ஏற்றிப்போகும் வண்டியின் பக்கத்தில் எழுதியிருப்பதை. அதற்குள் வண்டி நகர ஆரம்பித்துவிடுகிறது. எத்தனை தடவை படித்தாலும் எனக்கு அங்கே மனசு கனத்துப்போகும், நெப்போலியன் மீது வரும் கோபத்தைவிட பெஞ்சமின் மீது வரும் வருத்தம்தான் அதிகம்.

பட்டியலைக் கடைசியில் திறங்கள், கூடவே காலத்தையும் பாருங்கள். சோவியத் யூனியன் பிரிட்டனின் போர்க்கூட்டாளியாக இருந்த நேரத்தில் எழுதியதால் 1944-இல் பல பதிப்பகங்கள் மறுத்து, 1945 ஆகஸ்டில்தான் புத்தகம் வெளிவந்தது. அச்சுக்குப் போகும் முன் ஆர்வெல் ஒரு திருத்தம் கேட்டார். விலங்குகள் கட்டிய காற்றாலை வெடிக்கும்போது நெப்போலியன் உட்பட எல்லா விலங்குகளும் தரையில் விழுந்து படுத்தன என்றிருந்ததை, நெப்போலியனைத் தவிர என்று மாற்றச் சொன்னார். ஜெர்மானியர்கள் நெருங்கி வந்தபோதும் ஸ்டாலின் மாஸ்கோவை விட்டுப் போகவில்லை, அதை மறைப்பது நியாயமில்லை என்பது அவர் எண்ணம். எட்டாம் அத்தியாயத்தில் அந்த வரி இருக்கிறது, தேடிப் பாருங்கள்.